ரோமானியர்களுக்குச் சொந்தமாகப் புராணம் உண்டா?

கேள்வி இது: ரோமானியப் புராணம் என்று தனியாக ஒன்று உண்டா, அல்லது கிரேக்கக் கடவுள்களுக்குப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்களா? அவர்களுடைய முக்கியமான கதைகள் எவை? அவற்றில் எவ்வளவு உண்மை?

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் கிரேக்கப் புராணத்தைப் படித்துவிட்டு அதே மாதிரி இங்கேயும் தேடினால் கிடைக்காது. கடவுள்களின் பிறப்பு, கல்யாணம், பொறாமை, சாபம் ஆகியவற்றை வைத்துக் கதை சொல்வதில் ரோமானியர்களுக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. ஜூபிடர் காளையாக வந்தார், அன்னமாக வந்தார் என்று நாம் படிப்பதெல்லாம் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் கதைகள். ஓவிட் என்ற கவிஞர் அவற்றை லத்தீனில் அவ்வளவு அழகாக எழுதிவிட்டதால் ரோமானியக் கதைகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. நார்சிசஸ், டாஃப்னி, அராக்னி எல்லாம் அந்த வகைதான். பிரமஸ், திஸ்பி காதல் கதை பாபிலோனில் நடப்பது. "புகழ்பெற்ற பத்து ரோமானியப் புராணங்கள்" என்று வருகிற தொகுப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்.

ரோமானியர்கள் தாங்களாகவே சொன்ன கதைகளுக்கு நாயகன் கடவுள் இல்லை. ரோம் என்கிற ஊர்தான் நாயகன். அந்த ஊர் எப்படிப் பிறந்தது, யார் ரத்தம் சிந்தினார்கள், எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர் ஏன் வந்தது, இந்தத் தேதியில் ஏன் இந்தச் சடங்கைச் செய்கிறோம் என்பவைதான் அவர்களுடைய புராணம். அதை அவர்கள் புராணம் என்று சொல்லவும் இல்லை, வரலாறு என்றே எழுதினார்கள். லிவி எழுதிய ரோமின் வரலாற்றில் முதல் புத்தகத்தைத் திறந்தால் இந்தக் கதைகள் ஆண்டுக்கணக்கோடும் மன்னர் வரிசையோடும் நிற்கின்றன.

எல்லாருக்கும் தெரிந்த கதையிலிருந்தே போகலாம். ஆல்பா லோங்கா என்ற ஊரில் நூமிட்டர் அரசன். தம்பி அமூலியஸ் அவனை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறான். அண்ணனுக்கு வாரிசு வரக்கூடாது என்று அவன் மகள் ரியா சில்வியாவை வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரியாக்கிவிடுகிறான். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. தகப்பன் போர்க் கடவுள் மார்ஸ் என்று அவள் சொல்கிறாள். லிவி இந்த இடத்தில் கவனமாக எழுதுகிறார்: அவள் உண்மையிலேயே அப்படி நம்பியிருக்கலாம், அல்லது ஒரு கடவுள் மேல் பழியைப் போட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம் என்கிறார். குழந்தைகளை டைபர் நதியில் விடச் சொல்கிறான் அரசன். வெள்ளம் கரை தாண்டிக் கிடந்ததால் கூடை ஆழத்துக்குப் போகாமல் ஒரு அத்தி மரத்தடியில் ஒதுங்குகிறது. ஓநாய் ஒன்று வந்து பால் கொடுக்கிறது. மரங்கொத்தி இரை கொண்டுவந்து கொடுத்தது என்றும் சொல்வார்கள். ஓநாயும் மரங்கொத்தியும் மார்ஸுக்கு உரியவை. பிறகு ஃபாஸ்டுலஸ் என்ற ஆடு மேய்ப்பவன் எடுத்துப் போய் மனைவி அக்கா லாரென்ஷியாவிடம் (அக்கா என்பதும் அவள் பெயரின் பகுதிதான்) கொடுத்து வளர்க்கிறான்.

பிள்ளைகள் வளர்ந்து, உண்மை தெரிந்து, அமூலியஸைக் கொன்று தாத்தாவுக்கு ஆட்சியை மீட்டுக் கொடுப்பது வரை இது பல நாடுகளில் கேட்கிற கதைதான். ரோமானியக் கதை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தாங்கள் வளர்ந்த ஆற்றங்கரையில் புது ஊர் கட்ட இருவரும் முடிவு செய்கிறார்கள். யார் பெயரை வைப்பது? இரட்டையர் என்பதால் மூத்தவன் என்ற கணக்கு செல்லாது. பறவைகளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ரீமஸ் அவென்டைன் குன்றிலும் ரோமுலஸ் பாலடைன் குன்றிலும் போய் நிற்கிறார்கள். ரீமஸுக்கு முதலில் 6 கழுகுகள் தெரிகின்றன. சற்று நேரத்தில் ரோமுலஸுக்கு 12. முதலில் பார்த்தவனா, அதிகம் பார்த்தவனா? இந்தத் தகராறிலேயே கைகலப்பாகி ரீமஸ் செத்தான் என்பது ஒரு வழக்கு. தம்பி கட்டிய அரைகுறைச் சுவரை ரீமஸ் கேலியாகத் தாண்டிக் குதித்தான், "என் மதிலைத் தாண்டுகிற எவனுக்கும் இதுதான் கதி" என்று ரோமுலஸ் அவனை வெட்டினான் என்பது இன்னொரு வழக்கு. இரண்டாவதுதான் ஊரெல்லாம் பரவியது. தம்பி என்று நான் எழுதியதும் ஒரு வசதிக்காகத்தான்.

உலகத்தில் எத்தனையோ ஊர்களுக்குத் தோற்றக் கதை உண்டு. தன் ஊரை நிறுவியவன் கூடப்பிறந்தவனைக் கொன்றவன் என்பதை மறைக்காமல், அதையே முதல் அத்தியாயமாக வைத்துக்கொண்ட மக்கள் குறைவு. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட உள்நாட்டுப் போர்களின்போது, ரீமஸின் ரத்தம்தான் நம்மை விடாமல் துரத்துகிறது என்று கவிஞர் ஹொரேஸ் எழுதினார். இதற்குப் பரிகாரமாக ஒரு சடங்கே இருந்தது. மே மாதம் 9, 11, 13 ஆகிய மூன்று இரவுகள் லெமூரியா. நடுச்சாமத்தில் வீட்டுத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, கை கழுவி, கறுப்பு அவரை விதைகளை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகப் போட்டபடி நடப்பான். "இவற்றைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்டுக்கொள்கிறேன்" என்று 9 முறை சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் ஆவிகள் வந்து விதைகளைப் பொறுக்கும். மறுபடி கை கழுவி, வெண்கலத்தைத் தட்டி ஓசை எழுப்பி, "முன்னோர்களே, வெளியே போங்கள்" என்று 9 முறை சொன்னால் முடிந்தது. இந்தச் சடங்கு எப்படி வந்தது என்பதற்கு ஓவிட் சொல்லும் காரணம், ரத்தம் தோய்ந்த ரீமஸின் ஆவி வளர்ப்புப் பெற்றோர் முன் வந்து தனக்கென்று ஒரு நாள் கேட்டது என்பதுதான். ரோமில் கதைக்கும் வீட்டுக்கும் இருந்த தூரம் இவ்வளவுதான்.

ஊர் கட்டியாயிற்று, ஆள் வேண்டும். கேபிடோலின் குன்றில் ரோமுலஸ் ஒரு புகலிடம் திறக்கிறான். ஓடி வந்த அடிமை, கடன்காரன், குற்றவாளி என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறான். பெண்கள் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் தர மறுக்கிறார்கள். கான்சஸ் தெய்வத்துக்குத் திருவிழா, குதிரைப் பந்தயம் என்று அழைத்து, வந்த விருந்தாளிகளான சபைன் மக்களின் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதை வீரக் கதையாகப் படித்தவர்கள் உண்டு. எனக்கு இது வெறும் அக்கிரமம். ஆனால் கதையின் மையம் இந்தக் கடத்தல் அல்ல. சபைன்கள் டைட்டஸ் டேஷியஸ் தலைமையில் படையோடு வருகிறார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், பின்னால் ஊரின் பொதுச் சதுக்கமான ஃபோரம் ஆன அதே இடத்தில், சண்டை நடக்கிறது. அப்போது அந்தப் பெண்கள் தலைவிரி கோலமாக, பறக்கிற ஈட்டிகளுக்கு நடுவே ஓடிவந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் புருஷன். யார் ஜெயித்தாலும் நாங்கள் அநாதையாகவோ விதவையாகவோ ஆவோம், அதற்குப் பதில் கோபத்தை எங்கள் மேல் காட்டுங்கள் என்கிறார்கள். சண்டை நிற்கிறது, இரண்டு இனமும் ஒரே ஊராகிறது. ரோமுலஸின் வாள் கட்டிய ஊரை அழியாமல் காப்பாற்றியது அந்தப் பெண்கள்தான் என்று ரோமானியர்களே ஒப்புக்கொண்ட இடம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோமின் கதைகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் விலையாக ஒரு பெண் நிற்கிறாள். தங்கக் காப்புகளுக்கு ஆசைப்பட்டுக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட டார்பியாவை, அதே சபைன்கள் கேடயங்களைக் குவித்து நசுக்கிக் கொன்றார்கள். துரோகிகளைத் தள்ளுகிற பாறைக்கு அவள் பெயர். ஹொரேஷியஸ் சகோதரர் மூவரும் ஆல்பாவின் கியூரியேஷியஸ் சகோதரர் மூவரும் மோதிய போட்டியில் உயிரோடு திரும்பியவன், இறந்த எதிரி ஒருவனுக்காக அழுத சொந்தத் தங்கையைக் குத்திக் கொன்றான். அவள் அந்த எதிரிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். கடைசி மன்னன் டார்க்வினின் மகன் செக்ஸ்டஸ், லுக்ரீஷியாவைப் பலாத்காரம் செய்தான். அவள் அப்பாவையும் கணவனையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, பழிவாங்குவோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு தன்னைக் குத்திக்கொண்டாள். அந்தக் கத்தியை உருவி எடுத்துச் சபதம் செய்தவன் புரூட்டஸ். அதுவரை உயிருக்குப் பயந்து முட்டாளாக நடித்துக்கொண்டிருந்தவன். மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தது, மரபுப்படி கி.மு. 509. அதே புரூட்டஸ், மன்னரைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் இரண்டு மகன்களுக்கும் மரண தண்டனை விதித்து, அது நிறைவேறுவதை உட்கார்ந்து பார்த்தான். ஊரா, ரத்த உறவா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தக் கதைகள் ஊரின் பக்கம்தான் சாய்கின்றன. அது எவ்வளவு கொடூரம் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

குடியரசின் ஆரம்ப கால வீரர் கதைகளும் இதே வரிசைதான். பாலத்தை இடிக்கும்வரை தனியாக நின்று எதிரியைத் தடுத்த ஒற்றைக் கண் ஹொரேஷியஸ், வலிக்கு அஞ்சாதவன் என்று காட்டத் தன் வலது கையை நெருப்பில் வைத்த மூசியஸ், நீந்தித் தப்பிய பிணைக்கைதிப் பெண் கிளீலியா. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டூமெசில் இந்த ஒற்றைக் கண்ணனையும் ஒற்றைக் கையனையும் வட ஐரோப்பாவின் ஓடின், டீர் ஆகிய கடவுள்களோடு ஒப்பிட்டார். மற்ற இடங்களில் கடவுள்களுக்குச் சொன்ன கதையை ரோமானியர்கள் மனிதர்களுக்கு மாற்றி வரலாறாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். எல்லாரும் ஏற்கவில்லை, ஆனாலும் ரோமானியப் புத்தியின் போக்கை அது சரியாகப் பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கடவுள்கள் எங்கே? எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், கதை மட்டும் இல்லை. வாசல் கதவுக்கு ஃபோர்குலஸ், கதவின் கீலுக்கு கார்டியா, நிலைப்படிக்கு லிமென்டினஸ், தொட்டில் குழந்தைக்கு குனினா என்று வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு தெய்வம். அடுப்பு நெருப்பின் தேவி வெஸ்டாவின் கோயிலில் சிலை கிடையாது, அணையாத நெருப்புதான் தெய்வம். அதைக் காத்த 6 பெண்கள் 30 ஆண்டுகள் கன்னியராக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் முகம் கொண்ட ஜேனஸுக்குக் கிரேக்கத்தில் ஈடே கிடையாது. அவருடைய கோயில் கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், அமைதிக் காலத்தில் சாத்தியிருக்கும். மார்ஸைக் கிரேக்கத்தின் ஆரிஸோடு ஒன்றாக்கினார்கள், ஆனால் இருவருக்கும் மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆரிஸை மற்றக் கடவுள்களே வெறுத்தார்கள். மார்ஸ் ரோமானியர்களுக்குத் தகப்பன், வயலையும் கால்நடையையும் காப்பவர். பயிருக்கு நோய் வராமலிருக்க மார்ஸை வேண்டும் பிரார்த்தனையை, கேட்டோ என்ற ரோமானிய எழுத்தாளர் தன் விவசாய நூலில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

கடவுள் நேரில் வந்து பேசும் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இரண்டாம் மன்னர் நூமாவுடையது. ரோமுலஸ் சண்டைக்காரன் என்றால் நூமா சடங்குக்காரர். காட்டு ஊற்றின் தேவதை எஜீரியாவிடம் இரவில் யோசனை கேட்டு, கோயில், பூசாரி, நாள்காட்டி எல்லாம் வகுத்தவர். ஒருமுறை இடி மேல் இடி விழுந்து ஊரே நடுங்குகிறது. பரிகாரம் கேட்க நூமா ஜூபிடரையே பூமிக்கு இறக்கிவிடுகிறார். நரபலி கேட்கத்தான் கடவுள் வந்திருக்கிறார் என்பது போலப் பேச்சு போகிறது.

"ஒரு தலையை வெட்டு" என்கிறார் ஜூபிடர்.

"வெட்டுகிறேன், என் தோட்டத்து வெங்காயத்தின் தலையை."

"மனிதனுடையதாக இருக்கட்டும்."

"அப்படியே, அவன் தலைமுடி."

"உயிர் வேண்டும்."

"மீனின் உயிர்."

ஜூபிடர் சிரித்துவிடுகிறார். என் இடிக்கு இவற்றையே பரிகாரமாகச் செய் என்று ஒப்புக்கொள்கிறார். கிரேக்கக் கதையில் கடவுளோடு இப்படி வாதாடியவன் கல்லாகவோ சிலந்தியாகவோ மாறியிருப்பான். இங்கே ஒப்பந்தம் போடுகிறார்கள். ரோமானியர்களின் மதம் முழுக்க இந்தத் தொனியில்தான் இருக்கிறது: வார்த்தை சுத்தமாக இருந்தால் கடவுளும் கட்டுப்பட்டவர். அடுத்த நாள் வானத்திலிருந்து ஒரு கேடயம் விழுகிறது. அதை யாரும் திருடக்கூடாது என்று அச்சு அசலாக இன்னும் 11 கேடயங்கள் செய்ய வைக்கிறார் நூமா. மார்ச் மாதத்தில் சேலியை எனப்படும் பூசாரிகள் அந்த 12 கேடயங்களோடு தெருவில் ஆடிப் போனது இதன் தொடர்ச்சி.

ஈனியஸ் கதைக்கு வருகிறேன். இதுதான் கிரேக்கத்திலிருந்து எடுத்து, முழுக்கத் தங்களுடையதாக்கிக்கொண்டது. ஹோமரின் காவியத்தில் ஈனியஸ் ட்ராய் நகரத்தின் இரண்டாம் நிலை வீரன், அஃப்ரோடைட்டியின் (ரோமானியர்களுக்கு வீனஸ்) மகன். எரியும் ட்ராயிலிருந்து கிழட்டுத் தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்து, குலதெய்வச் சிலைகளோடு அவன் வெளியேறி, இத்தாலிக்கு வந்து, லத்தீனஸ் மன்னனின் மகள் லவீனியாவை மணந்து, ரோமுலஸுக்கு மூதாதையாகிறான். இதில் கணக்கு ஒன்று இடித்தது. ட்ராய் விழுந்தது கி.மு. 1184 என்றும் ரோம் பிறந்தது 753 என்றும் வைத்தால் நடுவே 400 ஆண்டுகளுக்கு மேல் காலி. ஆல்பா லோங்கா மன்னர்கள் என்ற நீண்ட வரிசை அந்த இடைவெளியை அடைக்க உண்டானதுதான்.

ஜூலியஸ் சீசரின் குடும்பம் ஈனியஸின் மகன் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டது. தந்தையைச் சுமக்கும் ஈனியஸைச் சீசர் நாணயத்தில் பொறித்தார், கி.மு. 46-இல் மூதாதையான வீனஸுக்குக் கோயில் கட்டினார். அவருடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸ் காலத்தில் விர்ஜில் இதைக் காவியமாக்கினார். (இதே அகஸ்டஸுக்கு நம் முசிறி அருகே ஒரு கோயில் இருந்ததாகப் பியூட்டிங்கர் நிலப்படம் என்ற பழைய ரோமானிய வரைபடத்தில் குறித்திருக்கிறது. மிளகுக் கப்பல்களோடு வீனஸின் வம்சமும் சேரர் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.) அரசாங்கப் பிரசாரம் என்று அந்தக் காவியத்தை ஒதுக்குகிறவர்களுக்கு நான் காட்டுவது டைடோ பகுதியை. கார்த்தேஜின் ராணி டைடோ, கரை ஒதுங்கிய ஈனியஸுக்கு அடைக்கலம் தந்து காதலிக்கிறாள். இத்தாலிக்குப் போ என்று கடவுள் ஆணை வந்ததும் அவன் புறப்படுகிறான். அவன் விட்டுப்போன வாளிலேயே அவள் சிதையில் விழுந்து சாகிறாள். பின்னால் பாதாள உலகத்தில் அவளைப் பார்த்து ஈனியஸ் அழுகிறான், விருப்பமில்லாமல்தான் உன் கரையை விட்டுப் போனேன் என்று கெஞ்சுகிறான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்து நின்றுவிட்டு, தன் முதல் கணவனின் நிழலிடம் போய்விடுகிறாள். கார்த்தேஜை ரோம் கி.மு. 146-இல் தரைமட்டமாக்கியது. அந்த எதிரி நகரத்தின் ராணிக்கு ஒரு ரோமானியக் கவிஞர் கொடுத்த மரியாதை அந்த மௌனம்.

கடைசிக் கேள்வி, எவ்வளவு உண்மை? முதலில் ஒரு சின்ன உதாரணம். ஃபோரத்தின் நடுவே கர்டியஸ் குளம் என்று ஒரு இடம் இன்றும் இருக்கிறது. அதற்கு ரோமானியர்களே மூன்று கதை வைத்திருந்தார்கள். சபைன் குதிரை வீரன் ஒருவன் அந்தச் சேற்றில் சிக்கி மீண்ட இடம் என்பது ஒன்று. கி.மு. 362-இல் பூமி பிளந்தது, ரோமின் பெரும் பலம் எதுவோ அதைப் போட்டால்தான் மூடும் என்று குறி சொன்னார்கள், வீரத்தைவிடப் பெரிய பலம் ஏது என்று மார்க்கஸ் கர்டியஸ் குதிரையோடு உள்ளே பாய்ந்தான் என்பது இரண்டாவது. இடி விழுந்த இடத்தை கர்டியஸ் என்ற கான்சல் (குடியரசின் தலைமை ஆட்சியாளர்) கி.மு. 445-இல் வேலி போட்டு அடைத்தார் என்பது மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடமும் பெயரும் முதலில் இருந்தன, கதை பின்னால் வந்தது என்று தெரிந்துவிடும். ரோமின் பல கதைகள் இப்படித்தான் முளைத்தன.

எழுத்துச் சான்று மிகத் தாமதம். ரோமின் முதல் வரலாற்றாசிரியர் ஃபேபியஸ் பிக்டர் எழுதியது கி.மு. 200-ஐ ஒட்டி, அதுவும் கிரேக்க மொழியில். ரோமுலஸுக்கும் அவருக்கும் நடுவே ஐந்து நூற்றாண்டுக்கு மேல். வடக்கிலிருந்து வந்த கோல் இனப் படையினர் ஊரைக் கொளுத்தியதில் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன என்று லிவியே சொல்கிறார். ஓநாய்க் கதை மட்டும் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஊரறிந்ததாகிவிட்டது. கி.மு. 296-இல் ஓகுல்னியஸ் சகோதரர்கள் அத்தி மரத்தருகே ஓநாயின் கீழ் இரட்டைக் குழந்தைகள் இருக்கும் சிலையை வைத்தார்கள். இன்று எல்லாப் படங்களிலும் வருகிற கேபிடோலின் ஓநாய்ச் சிலை அதுவல்ல. அதிலுள்ள குழந்தைகள் 15-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை, ஓநாயே இடைக்காலத்தில் வார்த்தது என்று அண்மைக் கால ஆய்வுகள் சொல்கின்றன.

மண்ணுக்கடியில் கிடைத்தவை வேறு கதை சொல்கின்றன. பாலடைன் குன்றில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் குடிசைகளின் கம்பக் குழிகள் பாறையில் அப்படியே இருக்கின்றன. 1899-இல் ஃபோரத்தில் கறுப்புக் கல் தளத்துக்குக் கீழே கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அரசன் என்ற சொல் இருக்கிறது. அந்த இடத்தை ரோமுலஸின் சமாதி என்று பழைய ரோமானியர்கள் நினைத்தார்கள். 1988-இல் ஆன்ட்ரியா கரண்டினி பாலடைன் அடிவாரத்தில் தோண்டியெடுத்த பழைய சுவரை ரோமுலஸின் மதிலோடு இணைத்தபோது அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. சுவர் பழையது, அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. குன்றின் மேல் மேய்ப்பர்கள் வாழ்ந்தார்கள், பிறகு மன்னர்கள் ஆண்டார்கள், இந்த இரண்டையும் தயங்காமல் நம்பலாம். ரோமுலஸ் என்ற மனிதனைத் தேடிப் போனால் கையில் எதுவும் சிக்காது.